எக்ஸெல் டேட்டாவை ஆக்ஸெஸ் ஏற்க மறுக்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டுக் கணக்குகளை முதலில் எக்ஸெல் தொகுப்பில்தான் அமைக்கிறார்கள். கட்டம் கட்டமாக இருப்பதால் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது போலவே அதில் டைப் செய்திடலாம். பட்டியல் வளர வளரத்தான் சிக்கல் தெரிய வரும். ஒரே பெயர் பல இடங்களில் இருக்கும். ஊர் வாரியாகத் தேடினால் பாதிதான் கிடைக்கும். அப்போது யாராவது, "இதை ஆக்ஸெஸுக்குக் கொண்டு போய் டேட்டா பேஸாக மாற்றிக் கொள்ளுங்கள், இரண்டு நிமிட வேலை" என்று சொல்வார்கள். இரண்டு நிமிடம் என்பது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் எந்த டேட்டா வந்தது, எது வராமல் போனது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கட்டுரை.

எடுத்துக்காட்டாக மொய்க் கணக்கை எடுத்துக் கொள்வோம். இந்தப் பட்டியலில் ஒரு வரி விட்டுப் போனால் அது வெறும் டேட்டா இழப்பு அல்ல. நம் வீட்டுத் திருமணத்தில் தாய்மாமன் முறையில் ஒருவர் அரைப் பவுன் மோதிரம் போட்டிருப்பார். அந்த செல் காலியாகி, நாம் அவர் வீட்டு விசேஷத்தில் ஐந்நூறு ரூபாய் கவரை நீட்டினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

நம் எக்ஸெல் பைலில் வரிசை எண், பெயர், ஊர், தொகை, தேதி, மொபைல், குறிப்பு என ஏழு நெட்டு வரிசைகள் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். எந்த வேலையைத் தொடங்கும் முன்னும் இந்த பைலையும், ஆக்ஸெஸ் டேட்டா பேஸ் பைலையும் தனித்தனியே காப்பி எடுத்து வேறு ஒரு போல்டரில் வைத்திடுங்கள். இம்போர்ட் செய்ததை அன்டூ செய்திட முடியாது. காப்பி மட்டுமே நம்மைக் காப்பாற்றும்.

முதலில் ஒர்க் ஷீட்டைச் சுத்தம் செய்திடுங்கள்

ஆக்ஸெஸ் தகராறு செய்வதாக நாம் நினைக்கும் பிரச்னைகளில் பெரும்பாலானவை எக்ஸெல் ஷீட்டிலேயே இருக்கின்றன. எக்ஸெல் நம் கண்ணுக்கு அழகாகக் காட்டுவதற்கு இடம் கொடுக்கிறது. ஆக்ஸெஸ் அழகைப் பார்க்காது. அதற்கு முதல் படுக்கை வரிசையில் தலைப்பு, இரண்டாவது வரிசையிலிருந்து டேட்டா, அவ்வளவுதான் வேண்டும்.

எனவே ஷீட்டின் உச்சியில் பெரிய எழுத்தில் "திருமண மொய் விபரம்" என்று தலைப்புப் போட்டிருந்தால் அந்த வரிசையை நீக்கிடுங்கள். இல்லையென்றால் ஆக்ஸெஸ் அதனைத்தான் பீல்ட் பெயராக எடுத்துக் கொள்ளும். பெயர் இல்லாத மற்ற நெட்டு வரிசைகளுக்கு எப்1, எப்2 எனத் தானாகவே பெயர் சூட்டிவிடும். தலைப்புகளில் புள்ளியும் கூடாது. நம் ஊரில் எல்லாரும் "வ.எண்" என்றுதான் எழுதுவோம். ஆக்ஸெஸ் பீல்ட் பெயரில் புள்ளி, ஆச்சரியக்குறி, சதுர அடைப்புக் குறி ஆகியவற்றை அனுமதிப்பதில்லை. "வரிசைஎண்" என மாற்றிவிடுங்கள். பீல்ட் பெயர் 64 கேரக்டர்களுக்குள் இருக்க வேண்டும்.

அடுத்து மெர்ஜ் செய்த செல்கள். ஒரே ஊரிலிருந்து இருபது பேர் மொய் வைத்திருந்தால், ஊர்ப் பெயரை ஒரே முறை டைப் செய்து இருபது செல்களையும் ஒன்றாக இணைத்திருப்போம். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இம்போர்ட் செய்தால் முதல் நபருக்கு மட்டும் ஊர் இருக்கும். மீதி பத்தொன்பது பேரும் ஊர் இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். இதைச் சரி செய்திட இருபது செல்களிலும் மீண்டும் டைப் செய்ய வேண்டியதில்லை. ஊர் நெட்டு வரிசையில் டேட்டா உள்ள பகுதியைத் தேர்ந்தெடுத்து மெர்ஜ் அண்ட் சென்டர் பட்டனை அழுத்தி இணைப்பை நீக்குங்கள். தேர்வு அப்படியே இருக்க, எப் 5 கீயை அழுத்தி ஸ்பெஷல் பட்டனில் கிளிக் செய்து பிளாங்க்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். காலி செல்கள் மட்டும் தேர்வாகி நிற்கும். இப்போது சமக் குறியை டைப் செய்து, மேல் அம்புக்குறி கீயை ஒருமுறை அழுத்தி, கண்ட்ரோல் + என்டர் தட்டுங்கள். எல்லாச் செல்களிலும் அதற்கு மேலே உள்ள ஊர்ப் பெயர் வந்துவிடும். பின்னர் அந்த நெட்டு வரிசை முழுவதையும் காப்பி செய்து, அதே இடத்தில் பேஸ்ட் ஸ்பெஷல் மூலம் வேல்யூஸ் மட்டும் ஒட்டிவிடுங்கள். இல்லையெனில் பின்னால் சார்ட் செய்திடும்போது ஊர்கள் இடம் மாறிவிடும்.

மொய் நோட்டுக்கே உரிய ஒரு பழக்கம் பக்க மொத்தம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை எழுதி, எக்ஸெலிலும் அதே போல இடையிடையே டைப் செய்திருப்போம். ஆக்ஸெஸ் அதையும் ஓர் ஆள் வைத்த மொய்யாகவே எடுத்துக் கொள்ளும். பிறகு மொத்தம் போட்டால் வந்த பணம் இரண்டு மடங்காகக் காட்டும். சந்தோஷமாக இருக்கும், ஆனால் தவறு. இந்த வரிசைகளை எல்லாம் நீக்கிவிட வேண்டும்.

கடைசியாக கண்ட்ரோல் + எண்ட் கீகளை அழுத்திப் பாருங்கள். உங்கள் டேட்டா 600-வது வரிசையில் முடிய, கர்சர் 2,000-வது வரிசையில் போய் நின்றால், இடையில் உள்ள காலி வரிசைகளை எக்ஸெல் பயன்படுத்திய இடமாக நினைக்கிறது என்று பொருள். ஆக்ஸெஸ் டேபிளில் நூற்றுக்கணக்கான காலி ரெகார்டுகள் வருவது இதனால்தான். 601-வது வரிசையிலிருந்து தேர்ந்தெடுத்து, டெலீட் கீயை அழுத்தாமல், ரைட் கிளிக் செய்து வரிசைகளையே டெலீட் செய்து, பைலை சேவ் செய்திடுங்கள்.

எட்டு வரிசை ரகசியம்

இப்போது மோதிரம் காணாமல் போகும் இடத்திற்கு வருவோம். எக்ஸெலில் ஒரே நெட்டு வரிசையில் எண்ணும் இருக்கலாம், எழுத்தும் இருக்கலாம். ஆக்ஸெஸில் ஒவ்வொரு பீல்டுக்கும் ஒரே டேட்டா வகைதான். எனவே இம்போர்ட் செய்திடும்போது, இந்த நெட்டு வரிசையில் இருப்பது எண்ணா எழுத்தா என்று அது முடிவு செய்தாக வேண்டும். ஷீட் முழுவதையும் படித்து அது முடிவு செய்வதில்லை. முதல் எட்டு வரிசைகளைத்தான் பார்க்கிறது.

முதல் எட்டுப் பேரும் 501, 1001, 2001 எனப் பணமாக வைத்திருந்தால், தொகை எண் வகை பீல்ட் என்று முடிவாகிவிடும். நாற்பதாவது வரிசையில் "அரைப் பவுன் மோதிரம்" என்று இருந்தால், எண் பீல்டில் எழுத்தைப் போட முடியாது என்பதால் அந்த இடம் காலியாக விடப்படும். பெயர் இருக்கும், ஊர் இருக்கும், மோதிரம் இருக்காது. "501/-" என்றும் "ரூ.501" என்றும் டைப் செய்தவற்றின் கதியும் இதுதான். நமக்கு அது தொகை. எக்ஸெலுக்கு அது எழுத்து.

எத்தனை செல்களில் இப்படி இருக்கிறது என்பதை எப்படி அறிவது? எக்ஸெலில் கவுன்ட், கவுன்ட்ஏ என இரண்டு பங்ஷன்கள் உள்ளன. கவுன்ட் எண்கள் உள்ள செல்களை மட்டும் எண்ணும். கவுன்ட்ஏ காலியாக இல்லாத எல்லாச் செல்களையும் எண்ணும். தொகை நெட்டு வரிசைக்கு இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஒன்று 600, மற்றொன்று 583 எனக் காட்டினால், 17 செல்களில் வில்லங்கம் இருக்கிறது. செல்லின் அலைன்மெண்ட்டை நீங்கள் மாற்றாமல் இருந்தால் கண்ணாலும் கண்டுபிடிக்கலாம். எண்கள் வலது ஓரத்திலும் எழுத்துகள் இடது ஓரத்திலும் நிற்கும்.

"/-" குறியை நீக்குவது சுலபம். நெட்டு வரிசையைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + ஹெச் அழுத்தி, பைண்ட் வாட் கட்டத்தில் "/-" எனக் கொடுத்து, ரீப்ளேஸ் வித் கட்டத்தைக் காலியாக விட்டு, ரீப்ளேஸ் ஆல் அழுத்துங்கள். "ரூ." என்பதற்கும் இதே வழிதான். இதன் பின்னும் செல்லின் மூலையில் சிறிய பச்சை முக்கோணம் தெரிந்தால், அருகில் தோன்றும் மஞ்சள் நிற அடையாளத்தில் கிளிக் செய்து கன்வெர்ட் டு நம்பர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இணைய தளத்திலிருந்து காப்பி செய்த டேட்டா என்றால் கண்ணுக்குத் தெரியாத வேறு வகை இடைவெளி ஒட்டிக் கொண்டிருக்கலாம். அதன் எண் 160. ட்ரிம் பங்ஷன் அதனை நீக்காது. சப்ஸ்டிட்யூட் பங்ஷனில் கேர் 160 எனக் கொடுத்துத்தான் நீக்க வேண்டும்.

மோதிரத்திற்கும் பித்தளை அண்டாவிற்கும் என்ன செய்வது? பொருள் என்று தனியாக ஒரு நெட்டு வரிசை போட்டு அங்கே மாற்றுங்கள். தொகையில் தொகை மட்டும் இருக்கட்டும். பலரும் தொகை பீல்டையே எழுத்து வகையாக மாற்றிவிடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எழுத்தாக்கிவிட்டால் பிறகு கூட்டிப் பார்க்க முடியாது. 1001 என்பது 501-க்கு முன்னால் சார்ட் ஆகும்.

பார்முலாக்கள் பற்றி ஒரு வார்த்தை. ஆக்ஸெஸ் பார்முலாவை எடுத்துக் கொள்ளாது, அதன் விடையைத்தான் எடுத்துக் கொள்ளும். விடைக்குப் பதிலாக எண் குறியுடன் தொடங்கும் பிழைச் செய்தி செல்லில் இருந்தால் அந்த இடம் காலியாக வரும்.

தேதியில் வரும் குழப்பம்

தமிழில் தேதி எழுதும்போது 12.06.2005 என்று புள்ளி வைத்து எழுதுவது நம் வழக்கம். விண்டோஸின் ரீஜன் செட்டிங்கில் தேதிக்குப் புள்ளியைக் குறிப்பிடாத வரை, எக்ஸெல் இதனைத் தேதியாக எடுத்துக் கொள்ளாது. வெறும் எழுத்தாகவே வைத்துக் கொள்ளும். இதைத் திருத்த, தேதி உள்ள நெட்டு வரிசையைத் தேர்ந்தெடுத்து டேட்டா டேபில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் என்பதில் கிளிக் செய்திடுங்கள். மூன்றாவது கட்டத்தில் டேட் என்பதைத் தேர்ந்தெடுத்து, அருகில் நாள் - மாதம் - வருடம் எனப் பொருள்படும் டிஎம்ஒய் வரிசையைத் தேர்ந்தெடுத்து பினிஷ் கொடுத்தால் எல்லாம் தேதியாக மாறிவிடும்.

இதைவிட ஆபத்தானது இன்னொன்று. கம்ப்யூட்டர் அமெரிக்க செட்டிங்கில் இருக்கிறது. நீங்கள் சாய்வுக் கோடு போட்டு 05/06/2005 என டைப் செய்கிறீர்கள். நீங்கள் நினைத்தது ஜூன் 5. எக்ஸெல் பதிவு செய்வது மே 6. அடுத்து 25/06/2005 என டைப் செய்தால், 25-வது மாதம் என ஒன்று இல்லாததால் அது எழுத்தாக நின்றுவிடும். ஆக ஒரே நெட்டு வரிசையில் சில தேதிகள் எழுத்தாகவும், சில தேதிகள் சரியானது போலத் தோன்றும் தவறான தேதிகளாகவும் இருக்கும். ஆக்ஸெஸ் முதல் வகையைத்தான் பிழை என்று சொல்லும். இரண்டாவது வகையைச் சந்தோஷமாக ஏற்றுக் கொள்ளும்.

எழுத்தாக நிற்பவற்றை மேலே சொன்ன வழியில் மாற்றலாம். இடம் மாறிப் போனவற்றுக்குப் பக்கத்து நெட்டு வரிசையில் டேட் பங்ஷனை அமைத்து, அதற்குள் இயர், டே, மன்த் என்ற வரிசையில் அந்தச் செல்லைக் கொடுத்தால், நாளும் மாதமும் மீண்டும் இடம் மாறிச் சரியாகிவிடும். இதனை முதலில் செய்து முடித்து, பிறகுதான் எழுத்துத் தேதிகளை மாற்ற வேண்டும். இல்லையெனில் எது மாறியது, எது மாறாதது என்று தெரியாமல் போகும். இனி டைப் செய்பவற்றுக்கு விண்டோஸ் செட்டிங்கில் ரீஜனை இந்தியா என மாற்றிக் கொள்ளுங்கள்.

இம்போர்ட் செய்த பின் தேதிக்குப் பதில் 39448 போன்ற எண் வந்திருந்தால் பயப்பட வேண்டாம். எக்ஸெல் தேதிகளை 1900-ம் ஆண்டு ஜனவரி 1-ஐ 1 எனக் கொண்டு நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது. 39448 என்பது 2008 ஜனவரி 1. எக்ஸெலில் அந்த நெட்டு வரிசைக்குத் தேதி பார்மட் கொடுத்துவிட்டு மீண்டும் இம்போர்ட் செய்திடுங்கள்.

எக்ஸெல் தானாகத் தேதி ஆக்கிவிடும் பழக்கத்தால் விஞ்ஞானிகளே பெயரை மாற்ற நேர்ந்தது. மனித ஜீன்களில் மார்ச்1, செப்ட்1 எனப் பெயர் கொண்டவை உண்டு. டைப் செய்தால் மார்ச் 1, செப்டம்பர் 1 என ஆகிவிடும். பெயரிடும் குழுவினர் 2020-ல் இவற்றை மார்ச்எப்1, செப்டின்1 என மாற்றி வைத்தார்கள். இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திக் கொள்ளும் வசதியை மைக்ரோசாப்ட் 2023-ல் தந்தது. புதிய எக்ஸெலில் ஆப்ஷன்ஸ் சென்று டேட்டா பிரிவில் இதனைப் பார்க்கலாம்.

இனி இம்போர்ட்

எக்ஸெல் பைலை மூடிவிடுங்கள். திறந்து வைத்துக் கொண்டே இம்போர்ட் செய்தால் பைல் பயன்பாட்டில் உள்ளது என்ற பிழைச் செய்தி வரலாம். ஆக்ஸெஸில் எக்ஸ்டர்னல் டேட்டா டேபில் நியூ டேட்டா சோர்ஸ், பிரம் பைல், எக்ஸெல் எனச் செல்லவும். சற்றுப் பழைய பதிப்புகளில் இந்த டேபிலேயே எக்ஸெல் ஐகான் இருக்கும். ஆக்ஸெஸ் 2003 வைத்திருப்பவர்கள் பைல் மெனுவில் கெட் எக்ஸ்டர்னல் டேட்டா, இம்போர்ட் என்று போக வேண்டும்.

முதல் முறை என்பதால் புதிய டேபிளாக இம்போர்ட் செய்திடும் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். விஸார்ட் தொடங்கும். முதல் வரிசையில் தலைப்புகள் உள்ளன என்ற கட்டத்தில் டிக் செய்திடுங்கள். அடுத்த கட்டத்தில் ஒவ்வொரு நெட்டு வரிசையாகக் கிளிக் செய்து பீல்ட் பெயரையும் டேட்டா வகையையும் பார்க்க வேண்டும். எல்லாரும் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் எனத் தாண்டிப் போகும் இடம் இதுதான். தொகைக்குக் கரன்சி, பெயருக்கும் ஊருக்கும் ஷார்ட் டெக்ஸ்ட் என அமையுங்கள்.

மொபைல் எண்ணுக்கும் ஷார்ட் டெக்ஸ்ட்தான். எண்ணாக இருந்தாலும் அதை நாம் கூட்டப் போவதில்லை. தவிர, ஆக்ஸெஸில் நம்பர் வகை பீல்ட் வழக்கமாக லாங் இன்டீஜராக அமையும். அது ஏற்கும் அதிகபட்ச எண் 2,147,483,647. அதாவது சுமார் 214 கோடி. நம் மொபைல் எண்கள் 6, 7, 8 அல்லது 9-ல் தொடங்கும் பத்து இலக்கங்கள். 600 கோடியைத் தாண்டியவை. ஓர் எண் கூட உள்ளே போகாது. 044 போல எஸ்டிடி கோடுடன் எழுதியவையும் எண்ணாக்கினால் முன்னால் உள்ள பூஜ்யத்தை இழக்கும். 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்களை எக்ஸெல் எண்ணாக வைத்திருக்கவே முடியாது. மீதி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். இவற்றை டைப் செய்யும் முன்பே செல்லுக்கு டெக்ஸ்ட் பார்மட் கொடுத்துவிட வேண்டும்.

குறிப்பு பீல்டில் நீளமாக எழுதியிருந்தால் லாங் டெக்ஸ்ட் தேர்ந்தெடுங்கள். ஷார்ட் டெக்ஸ்ட் 255 கேரக்டர்கள்தான் தாங்கும். தமிழில் இது இன்னும் குறைவு. "க" ஒரு கேரக்டர் என்றால் "கி" இரண்டு. யூனிகோட் அப்படித்தான் எண்ணும்.

பிரைமரி கீ கேட்கும் கட்டத்தில் ஆக்ஸெஸே அமைக்கட்டும் என்று விடுங்கள். பெயரை பிரைமரி கீ ஆக்காதீர்கள். செல்வராஜ் என்ற பெயரில் உங்கள் பட்டியலில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் காரணம் புரியும்.

தமிழுக்கு எனத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்த பைல் என்றால், ஆக்ஸெஸில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். டேட்டா கெடவில்லை. அந்த எழுத்துருவில் உண்மையில் பதிவாகி இருப்பதே ஆங்கில எழுத்துகள்தான். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு இம்போர்ட் செய்திடுங்கள். சிஎஸ்வி பைல் வழியாகக் கொண்டு போனால், எக்ஸெலில் சேவ் ஆஸ் செய்திடும்போது யுடிஎப் 8 என்று குறிப்பிட்ட சிஎஸ்வி வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆக்ஸெஸின் டெக்ஸ்ட் விஸார்டில் அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தி கோட் பேஜ் இடத்திலும் யுடிஎப் 8 கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் தமிழ் எழுத்துகள் கேள்விக் குறிகளாகவோ புரியாத குறிகளாகவோ வந்து நிற்கும்.

முடிந்ததா என்று பார்ப்பது

இம்போர்ட் முடிந்ததும் இடது பக்கப் பட்டியலில், ஷீட்டின் பெயருடன் இம்போர்ட் எரர்ஸ் என முடியும் ஒரு புதிய டேபிள் முளைத்திருக்கிறதா எனப் பாருங்கள். பலர் இதனைக் குப்பை என நினைத்து அழித்துவிடுகிறார்கள். உண்மையில் நமக்கு மிகவும் உதவும் டேபிள் இதுதான். பிழை என்ன, எந்த பீல்ட், எத்தனையாவது வரிசை என மூன்றும் அதில் இருக்கும். டைப் கன்வெர்ஷன் பெயிலியர், தொகை, 40 என்று இருந்தால், எக்ஸெல் ஷீட்டில் 40-வது வரிசைப் பக்கம் போய்ப் பாருங்கள். மோதிரம் அங்கேதான் இருக்கும்.

பிழை டேபிள் வராவிட்டாலும் இரண்டு எண்களை ஒப்பிடாமல் எழுந்திருக்க வேண்டாம். ஆக்ஸெஸ் டேபிளின் அடியில் காட்டும் ரெகார்டுகளின் எண்ணிக்கை, எக்ஸெலில் பெயர் நெட்டு வரிசைக்கு கவுன்ட்ஏ தரும் எண்ணிக்கையுடன் ஒத்துப் போக வேண்டும். ஹோம் டேபில் டோட்டல்ஸ் பட்டனை அழுத்தி, தொகைக்கு சம் கொடுத்தால் கிடைக்கும் மொத்தம், எக்ஸெல் மொத்தத்துடன் ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப் போக வேண்டும்.

இந்த எண்ணிக்கை பார்க்கும் வேலை வீட்டுக் கணக்குக்கு மட்டும் உரியதல்ல. 2020-ல் இங்கிலாந்தில், கொரோனா பரிசோதனை முடிவுகளைச் சோதனைச் சாலைகள் சிஎஸ்வி பைல்களாக அனுப்பின. அங்குள்ள பொதுச் சுகாதார அமைப்பு அவற்றைப் பழைய எக்ஸ்எல்எஸ் வகை பைலில் ஏற்றியது. அந்த வகையில் ஒரு ஷீட்டில் 65,536 படுக்கை வரிசைகள்தான். ஒரு நோயாளிக்கே பல வரிசைகள் தேவைப்பட்டதால் பைல் விரைவில் நிரம்பியது. மேற்கொண்டு வந்தவை விழுந்து போயின. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 பேர் விபரம் தினசரிக் கணக்கில் சேராமல் போனது. அவர்களுடன் பழகியவர்களுக்குச் சொல்லி எச்சரிக்கும் வேலையும் தாமதமானது. எக்ஸெல் 2007 முதல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையில் 10,48,576 வரிசைகள் உண்டு.

அடுத்த விசேஷத்தின் மொய் வரும்போது

காதுகுத்து மொய்யை ஏற்கனவே உள்ள டேபிளின் அடியில் சேர்க்க வேண்டும் என்றால், இம்போர்ட் டயலாக் பாக்ஸில் அப்பெண்ட் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். இங்கே எக்ஸெல் தலைப்புகளும் ஆக்ஸெஸ் பீல்ட் பெயர்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் "தொகை", மற்றொன்றில் "தொகை " எனக் கடைசியில் ஒரு இடைவெளி இருந்தாலும் இம்போர்ட் நின்றுவிடும். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது என்பதால், தலைப்புகளை ஆக்ஸெஸிலிருந்து காப்பி செய்து எக்ஸெலில் ஒட்டிவிடுவதே நல்லது.

கீ வயலேஷன் காரணமாக இத்தனை ரெகார்டுகள் இழக்கப்பட்டன என்று செய்தி வந்தால், வருகின்ற டேட்டாவில் பிரைமரி கீ எண் ஏற்கனவே டேபிளில் உள்ளது என்று பொருள். இரண்டு பட்டியல்களும் 1, 2, 3 எனத் தொடங்குவதால் வருவது இது. ஆக்ஸெஸ் அமைத்த பிரைமரி கீ என்றால், எக்ஸெலில் அந்த நெட்டு வரிசையே இல்லாமல் இம்போர்ட் செய்திடுங்கள். புது எண்களை ஆக்ஸெஸே தொடர்ந்து கொடுத்துவிடும். தொடரலாமா என்று கேட்கும்போது நோ கொடுத்துவிட்டு, சரி செய்த பின் மீண்டும் வாருங்கள்.

இம்போர்ட் செய்யாமல் எக்ஸெல் ஷீட்டை ஆக்ஸெஸுடன் லிங்க் செய்யும் வசதியும் உண்டு. ஆனால் லிங்க் செய்த ஷீட்டை ஆக்ஸெஸில் பார்க்கலாம், திருத்த முடியாது. இது உங்கள் கம்ப்யூட்டரின் குறை அல்ல. முன்பு திருத்த முடிந்தது. கார்லோஸ் அமாடோ என்பவர் தொடர்ந்த காப்புரிமை வழக்கில் 2005-ல் மைக்ரோசாப்ட்டுக்கு எதிராகத் தீர்ப்பு வந்ததை ஒட்டி அந்த வசதி நீக்கப்பட்டது.

ஆக்ஸெஸ் எல்லா ஆபீஸ் தொகுப்புகளிலும் வருவதில்லை. உங்கள் தொகுப்பில் இல்லையென்றால், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் உள்ள பேஸ் புரோகிராமைப் பயன்படுத்தலாம். அதில் கால்க் ஷீட்டிலிருந்து டேட்டாவைத் தேர்ந்தெடுத்து காப்பி செய்து, பேஸ் விண்டோவின் டேபிள்ஸ் பகுதியில் பேஸ்ட் செய்தால் ஒரு விஸார்ட் கிடைக்கும். அதில் பிரைமரி கீ உருவாக்கு என்ற கட்டத்தில் மறக்காமல் டிக் செய்திடுங்கள். பிரைமரி கீ இல்லாத டேபிளில் பேஸ் எதையும் திருத்த விடாது.